பேய் உலவும் இடங்களில் ஒரு பகல்

பேய் உண்டா, இல்லையா என்று ஆராய்வது இப்பேச்சின் நோக்கம் அன்று. அந்த ஆராய்ச்சியில் இறங்கினால் கேட்பவர்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட நேரமும் கரைந்துவிடும். பேய் உலவுகிறது என்று மக்கள் சொல்லும் பழைய இடங்களுக்குக் காலையில் கட்டுச்சோற்றுடன் புறப்பட்டுச் சென்று, இருட்டுமுன் வீடு திரும்பிய ஒருவன் அங்கே கண்டதையும் கேட்டதையும் சொல்லவே வந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன் நான். ஆகவே, பேய் வருமா என்று எனக்குத் தோன்றியதில்லை. யாருடைய பேய், எந்த ஆண்டில் இறந்தவருடையது என்று கேட்கத்தான் தோன்றியது. இந்தக் கேள்வியை எந்த ஊரில் கேட்டாலும் சுவையான விடை கிடைக்கும் என்பது என் அனுபவம்.

முதலில் செஞ்சி. திண்டிவனத்தை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் பணியாற்றிய காலத்தில், ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பு மாணவரை அக்கோட்டைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்துச் செல்லும் மதிலையும், எண்ணெய்க் கிணறு போல் இருண்டு கிடக்கும் களஞ்சியங்களையும், கலியாண மகாலையும் நான் ஊக்கத்தோடு விளக்குவேன். பிள்ளைகளின் காது என்னிடம் இருக்கும், கண் இராது. அவர்கள் தேடியது ஒன்றே ஒன்றைத்தான். சக்கரக்குளத்தின் அருகே ஒரு பெரும்பாறை இருக்கிறது. அதன் நடுவே இயற்கையாகவே ஒரு துளை. மேல்வாயைச் சுற்றிச் செங்கற்சுவர். கீழ்ப்புறத்தை அடைத்துவிட்டதால் அது நீரில்லாக் கிணறாயிற்று. தண்டனை பெற்ற கைதிகளை அதனுள் தள்ளிப் பசியால் மடிய விட்டார்கள் என்று சொல்வர். கைதிக் கிணறு என்று அதற்குப் பெயர். அதைக் கண்டதும் முப்பது பிள்ளைகளும் ஒருசேர வாய் மூடுவார்கள். வகுப்பறையில் என் பிரம்புக்குக்கூட அந்த ஆற்றல் இருந்ததில்லை.

ஒருமுறை அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், அமாவாசை இரவில் குதிரைக் குளம்போசை கேட்கும் என்றார். யார் குதிரை என்றேன். தேசிங்குராசன் குதிரைதான், வேறு யார் குதிரை என்று என்னை இரக்கத்தோடு பார்த்தார். வரலாறு அறியாத வாத்தியார் என்று எண்ணியிருக்க வேண்டும்.

தேசிங்கு என்று நாம் வழங்கும் தேஜ்சிங், புந்தேல இராசபுத்திரன். தந்தை சொரூப்சிங் இறந்தபின் செஞ்சிக்கு வந்தான். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கேட்ட திறைப்பணத்தைக் கட்ட மறுத்தான். 1714 அக்டோபரில் நடந்த போரில், இருபத்திரண்டு வயது இளைஞனாக மாண்டான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே இராணிப்பேட்டை எழுந்தது என்பர். நண்பன் மகபத்கானும் அதே போரில் இறந்தான். இந்து அரசனும் முகம்மதிய நண்பனும் ஒன்றாக மடிந்த கதையைத் தமிழ்நாட்டு மக்கள் பாட்டாகப் பாடி வளர்த்தார்கள். செஞ்சியை அவன் ஆண்டது ஓராண்டுக்கும் குறைவு. அந்தக் கோட்டையை 1677-இல் கைப்பற்றிய சிவாஜிக்கும், 1690 முதல் 1698 வரை மொகலாயர் முற்றுகையைத் தாங்கிய இராசாராமுக்கும் கிடைக்காத பேயுருவம், சில மாதங்கள் ஆண்ட இளைஞனுக்குக் கிடைத்துவிட்டது. காரணம் வெளிப்படை. அவனுக்குப் பாட்டு இருந்தது.

அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது பிள்ளைகளிடம் ஒரு வினா விடுத்தேன்: “இந்தக் கோட்டையில் மிகப் பலரைக் கொன்றவர் யார்?” தேசிங்கு என்றான் ஒருவன், நவாபு என்றான் மற்றொருவன், அவுரங்கசீப்பின் தளபதி என்றான் நன்றாகப் படிக்கும் மாணவன். ஒன்றும் சரியில்லை என்று சொல்லிவிட்டு விடையை மறுநாளைக்கு ஒத்திவைத்தேன். ஆசிரியத் தொழிலில் இது ஒரு சிறு சூழ்ச்சி.

விடை இதுதான். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார். 1761-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறும்வரை பிரெஞ்சுக்காரர் அதை வைத்திருந்தனர். அக்காலத்தில் வாழ்ந்த ஆங்கில வரலாற்றாசிரியர் ஓர்ம் என்பவர், அங்கே எந்நாளும் நூறு ஐரோப்பியருக்கு மேல் நிறுத்தப்படவில்லை என்றும், ஆயினும் சுமார் பத்தாண்டுகளில் 1,200 பேர் இறந்தனர் என்றும் எழுதியிருக்கிறார். பீரங்கியால் அன்று, நோயால். கருநாடகப் பகுதியிலேயே உடல்நலத்துக்கு ஆகாத இடம் என்று செஞ்சி பெயர் பெற்றிருந்தது. மலையிடுக்கிலிருந்து எழும் நச்சுக்காற்றே காய்ச்சலைத் தருகிறது என்பது அக்கால மருத்துவரின் எண்ணம். காற்றன்று, கொசுவே மலேரியாவைச் சுமக்கிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான்.

இதைச் சொன்னதும் அந்த நன்றாகப் படிக்கும் மாணவன் எழுந்து, “அப்படியானால் இருட்டியபின் அங்கே தங்கக்கூடாது என்று சொன்னவர்கள் சரியாகத்தானே சொன்னார்கள், ஐயா?” என்று கேட்டான். மலேரியாக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்தபின் அல்லவா! நான் எண்ணிப் பார்த்திராத கோணம் அது. விதி சரியாக இருந்திருக்கலாம், சொன்ன காரணம்தான் தவறு என்று ஒப்புக்கொண்டேன். இன்றும் அந்த மாணவனை நினைத்துக்கொள்கிறேன். ஆனால், அன்று அவனிடம் சொல்லாத ஒன்று உண்டு. குளங்களும் அகழியும் நிறைந்த அந்தக் கோட்டையில் நோயுற்றுச் செத்த 1,200 பேரும் எங்கோ கடல் கடந்த ஊர்களில் தாய்மாரை விட்டு வந்த கூலிப்படை வீரர்கள். பிரெஞ்சு மொழி பேசும் பேய் ஒன்று செஞ்சியில் உலவுவதாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. பேயாக நிலைப்பதற்குக்கூடப் பாடிவைக்க ஆள் வேண்டியிருக்கிறது.

வடநாட்டில் பேய்க்குப் பேர்போன இடம் பான்கர். ஜெய்ப்பூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, காலையில் வண்டி ஏறி அங்கே போய் வந்தேன். 16-ஆம் நூற்றாண்டில் பகவந்த தாஸ் தம் மகன் மாதோசிங்குக்காக எழுப்பிய நகர் அது. கடைத்தெருவும் கோயில்களும் அரண்மனையுமாக இருந்த ஊர் இன்று கூரையின்றிக் கிடக்கிறது. மந்திரவாதி ஒருவன் இளவரசிமேல் ஆசை வைத்து, அது கைகூடாமல் இறக்கும்போது இட்ட சாபத்தால் ஊர் அழிந்தது என்பது கதை. 1783-இல் வடநாட்டைத் தாக்கிய பெரும் பஞ்சத்தைப் பற்றி அங்கே எவரும் வாய் திறக்கவில்லை. பஞ்சத்தில் இளவரசி இல்லையே!

அங்கே தொல்பொருள் துறையார் நட்டிருக்கும் பலகையை, பேய் இருப்பதற்கு அரசாங்கமே கொடுத்த சான்று என்று வண்டியோட்டி எனக்குக் காட்டினார். கதிரவன் மறைந்தபின் உள்ளே நுழையக்கூடாது என்பது அதன் முதல் வரி. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியைக் கொண்டு மற்ற வரிகளையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆடுமாடு மேய்ப்பவரும் விறகு வெட்டுபவரும் உள்ளே வந்தால் நடவடிக்கை எடுக்கப்படும். தாழை மரங்களுக்குத் தீங்கு செய்யக்கூடாது. அவ்வளவுதான். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாக்கப்படும் சின்னங்கள் பொதுவாக உதயம் முதல் அத்தமனம் வரையே திறந்திருப்பவை. முதல் வரியோடு படிப்பை நிறுத்திக்கொள்ளும் பழக்கம் மாணவர்க்கு மட்டும் உரியதன்று.

இவ்வளவையும் நான் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிச் சொல்லப்போகும் இடத்தைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை.

ஓய்வு பெற்றபின் பரமக்குடியில் குடியமர்ந்தேன். எங்களூர் நண்பர் ஐவர், மாதம் ஒருமுறை எங்கேனும் சென்று வருவதென ஏற்பாடு செய்துகொண்டோம். ஐவரும் ஓய்வூதியம் பெறுவோர்; ஆகையால் மாதத்தின் முதல் வாரத்தில்தான் பயணம். அப்படி ஒரு நாள் தனுஷ்கோடிக்குப் போனோம்.

இக்கால இளைஞர்க்குத் தனுஷ்கோடி ‘பேய் நகரம்’. அந்தப் பெயரைச் சொல்லித்தான் வண்டிக்காரர்கள் ஆள் சேர்க்கிறார்கள். ஆனால் 1964-க்கு முன் அது இந்தியாவின் வாசல்களுள் ஒன்று. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது முதல், சென்னையில் ஏறிய பயணி போட்மெயில் வண்டியில் தனுஷ்கோடி வந்து, அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் ரயிலில் கொழும்பு போய்ச் சேரலாம். கோஷன், இர்வின் என்று இரு கப்பல்கள் அந்த நீரிணையைக் கடந்து வந்தன. ரயில் நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், தேவாலயம், சத்திரங்கள் எல்லாம் அந்த மணல்திட்டின்மேல் இருந்தன. தேயிலைத் தோட்டத்துக்குப் போவோரும், வணிகரும், சேதுவில் நீராட வந்த வடநாட்டு யாத்திரிகரும் அங்கே நெருக்கியடித்தனர். காசிக்குப் போனவர் சேதுவிலும் நீராடினால்தான் யாத்திரை முற்றுப்பெறும் என்பது நம் நாட்டு நம்பிக்கை. முன்னோர்க்குச் செய்யும் கடனைச் செலுத்த, இமயம் முதல் ஈழம் வரையுள்ளோர் நாடிவரும் கரை அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறேன்.

1964 டிசம்பர் நடுவில் அந்தமானுக்குத் தெற்கே உருவான புயல், இலங்கையைக் கடந்து, 22-ஆம் தேதி இரவு இப்பக்கம் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி செல்லும் 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி, நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது புறப்பட்டது. ஆறு பெட்டிகள், நூற்றுக்கு மேற்பட்ட மக்கள். தனுஷ்கோடி நிலையத்தை அணுகும் இடத்தில் கைகாட்டி விளக்கு எரியவில்லை. ஓட்டுநர் சற்று நேரம் நிறுத்தியிருந்து, சீழ்க்கை ஒலித்துவிட்டு, இருளில் வண்டியைச் செலுத்தினார் என்பர். இருபதடிக்கு மேல் உயர்ந்து வந்த அலை வண்டியை அப்படியே வாரிக்கொண்டது. ஒருவரும் மீளவில்லை. ஊரும் அன்றிரவே போயிற்று. இறந்தவர் மொத்தம் 1,800 பேர் இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாம்பன் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை கடலில் வீழ்ந்தன. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில், நாற்பத்தாறே நாளில் பாலம் சீரமைக்கப்பட்டது, வியத்தகு செயல்தான். ஆனால் அதற்குமேல் ரயில் தனுஷ்கோடிக்குப் போகவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

நாங்கள் போன நாளில் வெயில் கடுமை. 2017-இல் போட்ட சாலை அரிச்சல்முனை வரை நேராக நீள்கிறது. ஒருபுறம் கொந்தளிக்கும் கடல். அதை ஆண்கடல் என்கிறார்கள் அவ்வூரார். மறுபுறம் அமைதியாகக் கிடப்பது பெண்கடல். நடுவே சில இடங்களில் சாலையும் கையகல மணலுமே உள்ளன. பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் சுவர்களும், ரயில் நிலையத்தின் எஞ்சிய தூண்களும், நீர்த்தொட்டியும் நிற்கின்றன. வழிகாட்ட வந்த இளைஞர் கணீரென்ற குரலில், “ராத்திரியில் ரயில் கூவும் சத்தம் கேட்கும் சார். அதனால்தான் ஆறு மணிக்கு மேல் போலீஸ் விடமாட்டார்கள்” என்றார். சுற்றிலும் நின்ற பிள்ளைகள் ரயில் போலக் கூவிக் காட்டிச் சிரித்தார்கள். விளக்கில்லாத மணல்திட்டில், இரு கடலுக்கு நடுவே, இரவில் வெளியூர்க்காரரைத் திரியவிட எந்தக் காவலர் துணிவார்? செஞ்சியில் கொசுவைக் கண்டதுபோல் இங்கும் காரணத்தைக் கண்டுவிட்டேன் என்று நண்பர்களிடம் விளக்கத் தொடங்கினேன்.

எங்கள் ஐவருள் ஒருவர், வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், நிலையத்தின் இடிந்த மேடைமேல் உட்கார்ந்துவிட்டார். வெயில் தாங்கவில்லை போலும் என்று தண்ணீர் கொடுத்தோம். அவர் குடிக்கவில்லை. “எங்கள் மாமா அந்த வண்டியில் வந்தார்” என்றார்.

இருபது ஆண்டுப் பழக்கம். அவர் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. அவருடைய தாய்மாமன், தனுஷ்கோடிக் கப்பல்துறையருகே ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதி வந்தவர். வயது இருபத்து நான்கு. விடுமுறையில் வந்திருந்தவர் அன்று மாலை பரமக்குடியில் ரயிலேறினார். பாம்பனில் இறங்கி அந்தப் பாசஞ்சரைப் பிடிக்கவேண்டும். பிடித்தாரா, பிடித்துக் கடலோடு போனாரா, அன்றி வேறெவ்வகையிலோ மாண்டாரா என்று சொல்ல ஒருவரும் இல்லை. உடல் கிடைக்கவில்லை. இலங்கையிலிருந்து கப்பலில் வந்த பிஸ்கட்டை அவர் ஒருமுறை தகரப் பெட்டியோடு கொண்டுவந்தாராம். அந்தப் பெட்டியில் நண்பரின் தாயார் சாகும்வரை ஊசியும் நூலும் போட்டு வைத்திருந்தார். மாமாவைப் பற்றி நண்பருக்கு மீந்திருப்பது அந்தப் பெட்டி ஒன்றே.

“திதி கொடுப்பதில்தான் எங்கள் பாட்டிக்குத் தீராத குழப்பம்” என்று அவர் தொடர்ந்தார். “வண்டி புறப்பட்டது ஒரு தேதி, அலை அடித்தது அடுத்த தேதி. எந்த நாளைக் கொள்வது? புரோகிதர் ஒன்று சொன்னார். பெரியவர்கள் ஒன்று சொன்னார்கள். வருவான், வருவான் என்று மூன்றாண்டு ஒன்றுமே செய்யவில்லை. பிறகு, இறந்த நாள் தெரியாதவர்க்கு உரிய மகாளய அமாவாசையில் செய்யத் தொடங்கினோம். இந்தக் கரைக்கு மட்டும் எங்கள் வீட்டார் யாரும் வந்ததில்லை.”

உலகத்தார் எல்லாம் முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்ற வரும் சேதுக்கரையிலே, தம்முடையவர்க்கு நீர்க்கடன் ஆற்ற வரமுடியாமல் ஒரு குடும்பம் அறுபது ஆண்டு நின்றிருக்கிறது. நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். கொசுவும் சட்டமும் காவலரும் அவ்விடத்தில் எனக்கு உதவவில்லை.

சற்றுத் தொலைவில் சிப்பி மாலையும் வறுத்த மீனும் விற்றுக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய், “அம்மா, நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்களா?” என்று கேட்டேன். “இங்கேதான் ஐயா. எங்கள் மாமியாரும் இங்கேதான் இருந்தார்” என்றார். புயலுக்குப் பின் அரசு கைவிட்ட மணலுக்கு மீனவர் திரும்பி வந்தார்கள். பிழைப்பு கடலில் இருக்கிறது. வேறு எங்கே போவது? மணலைக் கையால் தோண்டினால் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுகிறது. அந்த ஊற்றுநீரை அகப்பையால் மொண்டு குடம் நிரப்புகிறார்கள். மின்விளக்கின்றி ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள். ‘பேய் நகரம்’ என்று நாம் சொல்லும்போது இவர்களையும் சேர்த்தே பேயாக்கிவிடுகிறோம். அங்கே ஒரு பள்ளிக்கூடமும் உண்டு. பழைய பழக்கத்தால் வாயிலில் சற்று நின்று பார்த்தேன். உள்ளே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரவில் ரயில் கூவுமாமே என்று அந்த அம்மையாரைக் கேட்டார் என் நண்பர். சிரிப்புக்காகக் கேட்கவில்லை, முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. அம்மையாருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். “காற்றுத்தான் கேட்கும், ஐயா. ஆனால் மார்கழி வந்தால் எங்கள் மாமியார் கடலைப் பார்த்து ஒரு விளக்கு வைப்பார். யாருக்கு என்று கேட்டால், பெயர் தெரியாதவங்களுக்கு என்பார்” என்றார்.

நண்பர் எழுந்து அரிச்சல்முனைக்கு நடந்தார். எள்ளும் தருப்பையும் யாரும் கொண்டுவரவில்லை. இரு கடலும் கூடும் இடத்தில் இறங்கி, இரு கையாலும் நீரை மொண்டு மூன்றுமுறை விட்டார். மாமாவின் பெயரைச் சற்று உரக்கவே சொன்னார். நாங்கள் நால்வரும் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம்.

வீடு திரும்பியபின் ஒரு நீளக் குறிப்பேடு வாங்கினேன். பள்ளி வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போடுவதைப் போலக் கோடு போட்டேன்: பெயர், வயது, ஊர், என்ன வேலையாகப் போனார், சொன்னவர் யார். 653-ஆம் எண் வண்டியில் போனவர்கள், சாதாரண வகுப்புச் சீட்டு வாங்கி ஏறியவர்கள். அந்தச் சீட்டில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. அதனால் எத்தனை பேர் என்பதிலேயே கணக்குக்குக் கணக்கு வேறுபடுகிறது. முதல் வரியில் என் நண்பரின் மாமா பெயரை எழுதினேன். பிறகு பரமக்குடியிலும் இராமநாதபுரத்திலும் மண்டபத்திலும் விசாரித்து, வண்டியில் போனவர், ஊரில் இருந்தவர் என்று பிரித்து எழுதி வருகிறேன். இதுவரை முப்பத்தொரு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் வண்டியில் போனவர் ஒன்பதின்மர்.

இப்பேச்சைக் கேட்கும் நேயர்களின் குடும்பத்தில், 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடிக்குப் போனவரோ, அங்கே இருந்தவரோ யாரேனும் உண்டாயின், அவர் பெயரையும் வயதையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி இந்நிலையத்துக்கு அனுப்புங்கள். பெயர் மறந்துபோயிருந்தால் வீட்டில் அவரை எப்படி அழைத்தார்கள் என்று எழுதினாலும் போதும்.